நல்லசாமி எடுக்காத காசுகள்

எந்தச் சாவு வீட்டுக்குப் போனாலும் நல்லசாமியின் கண் முதலில் போவது பிணத்தின் நெற்றிக்குத்தான். முகத்தைப் பார்க்கமாட்டார், மாலையைப் பார்க்கமாட்டார். சந்தனத்தைக் குழைத்து ஒட்டியிருக்கிற அந்த ஒற்றைக் காசைத்தான் பார்ப்பார். அதைப் பார்த்து முடித்த பிறகுதான் அவருக்கு அழுகையே வரும். இது குற்றமென்றால் குற்றம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். முப்பது வருசமாகக் காசு சேர்க்கிற மனுசன் கண்ணைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டா சாவுக்கு வர முடியும்?

டயர் தொழிற்சாலையில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். மலேசியாவில், சிரம்பான் பக்கத்து மம்பாவில் இரண்டு அறை வீடு. ஒரு அறையில் அவரும் மனைவி புஷ்பவள்ளியும், இன்னொரு அறையில் காசு. சதுரமான ஒரு காசு, ஜப்பான்காரன் காலத்து வாழைமரம் போட்ட நோட்டு, ராணி தலை, ராஜா தலை என்று எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள் வரிசையாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சிரம்பான் பசாரில் பழைய சாமான் விரிக்கிற சீனக் கிழவர்களுக்கு அவரை நன்றாகத் தெரியும். பேரம் பேசுவார், ஆனால் ஒருத்தரையும் ஏமாற்றினார் என்ற பேச்சு கிடையாது.

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு வகைக் காசை மட்டும் எடுக்கமாட்டார். நெற்றிக்காசு. அதுவும் சும்மா இல்லை. டவுனில் செத்தால் கையில் அகப்பட்ட ஒரு இருபது காசு நாணயத்தை ஒட்டிவிட்டு வேலையை முடித்துவிடுவார்கள். தோட்டத்து ஆட்கள் அப்படி இல்லை. தகரப் பெட்டியின் அடியில் இதற்கென்றே ஒரு நல்ல வெள்ளிக் காசைத் துணியில் முடிந்து வைத்திருப்பார்கள். சிரம்பான் கடையில் கண்ணாடிக்குள் பூட்டி வைக்கிற காசு, ரெம்பாவ் பக்கத்து லயத்து வீட்டில் ஒரு கிழவியின் நெற்றியில் சாவகாசமாக உட்கார்ந்திருக்கும். நல்லசாமி குனிந்து ரசிப்பார், வருசம் பார்ப்பார், கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்.

சுடுகாட்டில் தீ வைப்பதற்கு முன்னால் அந்தக் காசைச் சடங்கு செய்கிற தேவன் எடுத்துக்கொள்வார். அது அவருடைய பாத்தியதை, அவர் அப்பா காலத்திலிருந்து வருகிறது. தேவன் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார்.

"அண்ணே, எனக்கு இது வெறும் காசு. அம்பது வெள்ளி நோட்டு ஒண்ணு குடு, எடுத்துக்க. ஒனக்குன்னா குடுக்கலாம்லா."

"வேணாம் தேவா. காட்டு, பார்த்துட்டுத் தர்றேன்."

புஷ்பவள்ளிக்கு இது தாங்காது. "அவரே குடுக்குறாரு, வாங்குனா என்னா? திருட்டா? பார்த்துப் பார்த்து ஏங்கிட்டு வர்றதுக்கு நீங்க என்ன சின்னப் புள்ளையா?" என்பாள்.

ஒரு நாள் அவளுக்குக் காரணத்தைச் சொன்னார். "ஒண்ணு எடுத்தேன்னு வையி, அப்புறம் யாரு எப்பச் சாவாங்கன்னு காத்துக்கிட்டு இருப்பேன் புஷ்பம். எனக்கு என்னையத் தெரியும்." அவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

எடுக்கமாட்டார், ஆனால் எழுதி வைப்பார். சட்டைப் பைக்குள் அடங்குகிற சின்ன நோட்டு. செத்தவர் பெயர், தோட்டத்தின் பெயர், நெற்றியில் இருந்த காசு. "தனலெட்சுமி அக்கா, ஆறாம் ஜார்ஜ் இருபது காசு, 1939, தேய்வு இல்லை." இப்படி நாற்பத்து மூன்று பேர். தனக்கென்று வைத்துக்கொள்ளாத காசுக்கு அவர் செய்த மரியாதை அவ்வளவுதான்.

அவருடைய ஒரே தங்கச்சி செல்லம். ரெம்பாவுக்கு உள்ளே பத்தாம் கட்டைத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டவள். புருசன் சன்னாசி டிராக்டர் ஓட்டினவர், வாய் நிறைய கேலி. ரப்பர்ப் பால்மரமெல்லாம் போய்ச் செம்பனை வந்து, பாதி லயத்தில் வங்காளதேசத்துப் பையன்கள் குடிவந்த பிறகும் அந்த மனுசன் தோட்டத்தை விட்டு அசையவில்லை. அவரிடம் ஒரு காசு இருந்தது. ஏழாம் எட்வர்டு ராஜா கிரீடத்தோடு இருக்கிற ஐம்பது காசு, 1908. தீபாவளிக்கு நல்லசாமி போகும்போதெல்லாம் அதை எடுத்துக் காட்டி வெறுப்பேற்றுவார்.

"பார்த்துக்க மச்சான். ஒனக்குத் தரமாட்டேன். இது என் நெத்திக்கு. நான் செத்த அன்னைக்கு வந்து நல்லாப் பார்த்துக்க, காசு கேக்கமாட்டேன்."

"சும்மா இருலா மச்சான், நல்ல நாள்ல" என்று நல்லசாமி அதட்டுவார். ஆனாலும் கண் காசிலேயே நிற்கும்.

சன்னாசி ஒரு செவ்வாய்க்கிழமை தூக்கத்திலேயே போய்விட்டார்.

காலை எட்டு மணிக்கு நல்லசாமியும் புஷ்பவள்ளியும் போய்ச் சேர்ந்தபோது நடுக்கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். நெற்றியில் எட்வர்டு ராஜா. ஜன்னல் வெளிச்சம் நேராக விழுந்து கிரீடத்தின் கல்லுகூடத் தெரிந்தது. நல்லசாமி குனிந்து பார்த்தார், பூதக்கண்ணாடியைக்கூட எடுத்துப் பார்த்தார். "மச்சான், சொன்ன மாதிரியே பண்ணிட்டியே" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதார். செல்லம் ஓடி வந்து அண்ணனைக் கட்டிக்கொண்டாள். கொஞ்சம் ஓய்ந்ததும் வாசலுக்குப் போய் நோட்டை எடுத்து ஒரு வரி எழுதினார். அதையும் நாலு பேர் பார்த்தார்கள்.

மத்தியானம் இரண்டு மணிக்கு வீட்டுக்குப் பின்னால் தார்பாய் கட்டிக் குளிப்பாட்டினார்கள். காசை எடுத்து வைத்துக்கொண்டவன் மகன் புனிதன். சிரம்பானில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை, இருபத்தேழு வயது, ஒரே பிள்ளை. உறவுக்காரர்கள் ஆளுக்கொரு செம்பு தண்ணீர் ஊற்றினார்கள். நல்லசாமியும் தலைமாட்டில் நின்று ஊற்றினார். குளிப்பாட்டி முடித்து, வேட்டி கட்டி, திருநீறு பூசி, புனிதன் கையாலேயே காசைத் திரும்ப ஒட்டினார்கள். பெண்கள் வாய்க்கரிசி போட வரிசையில் நின்றார்கள்.

நல்லசாமி கடைசியாக ஒரு தடவை நெற்றியைப் பார்த்தார். அங்கே ராஜா இல்லை. சந்தனத்துக்கு நடுவில் வாவ் என்கிற மலாய்க் காற்றாடியின் படம் தெரிந்தது. பழைய மலேசிய ஐம்பது காசு, போன தலைமுறையில் அடித்தது, கடையில் கொடுத்தால் இன்றைக்கும் வாங்கிக்கொள்வான். அதே அகலம், அதே வெள்ளை நிறம். அங்கே கூடியிருந்த நூறு பேரில் ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இந்த ஒரு மனுசனுக்குத் தெரிந்து தொலைத்தது.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்திருந்தால் இந்தக் கதையே கிடையாது. ஆனால் மச்சான் ஆசைப்பட்டு வைத்திருந்த காசு, தேவனுக்குப் போய்ச் சேரவேண்டிய காசு. தண்ணீர் ஊற்றும்போது பையன் மடியிலிருந்து எங்கோ விழுந்துவிட்டது, பதற்றத்தில் புனிதன் வேறு எதையோ எடுத்து ஒட்டிவிட்டான் என்றுதான் அவர் நினைத்தார். மனசில் கள்ளம் இருந்திருந்தால் இப்படி உடைத்துப் பேசியிருப்பாரா?

"பெரிய மச்சான், காசு மாறியிருக்கு" என்றார் சத்தமாகவே.

பெரிய மச்சான் என்பது செத்தவரின் அண்ணன் மகேந்திரன். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிற மண்டோராக இருந்தவர், அந்த அதிகாரம் இன்னும் குரலில் இருந்து இறங்கவில்லை. "என்னா காசு?"

"நெத்திக்காசு. காலையில இருந்தது எட்வர்டு காசு. இது வேற. குளிப்பாட்டுன எடத்துலதான் விழுந்திருக்கும், இருங்க பார்க்குறேன்."

பார்க்கப் போனார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சோப்பு நுரையும் சீயக்காயும் ஓடுகிற கால்வாயில் முழங்காலிட்டு, இரண்டு கையையும் விட்டுத் துழாவினார். பத்து நிமிசம். அந்தப் பத்து நிமிசத்தில் வீட்டுக்குள் என்ன பேசினார்களோ, சேறு படிந்த கையோடு திரும்பி வந்தபோது வாய்க்கரிசி வரிசை நின்றுபோயிருந்தது. எல்லாரும் அவரையே பார்த்தார்கள்.

"கெடைச்சுச்சா?" என்றார் மகேந்திரன்.

"இல்ல."

"எப்படிக் கெடைக்கும்? ஓய் நல்லசாமி, நூறு பேரு பார்த்தோம், எங்களுக்கெல்லாம் மாறுனது தெரியல. ஒனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுச்சு?"

"எனக்குக் காசு தெரியும் மச்சான், அதனால..."

"அதத்தான்லா நானும் சொல்றேன். பையைக் காட்டு."

புஷ்பவள்ளி முன்னால் பாய்ந்து வந்தாள். "என்னாங்க பேச்சு இது? இவரு யாருன்னு தெரிஞ்சுதான் பேசுறீங்களா? செல்லத்துக்குப் பொறந்த வீடே இவருதான்!" நல்லசாமி அவளைக் கையமர்த்தினார். மடியில் கனமில்லாத மனுசனுக்கு வருகிற அசட்டுத் தைரியம் அவருக்கும் வந்தது. ஈரக் கையாலேயே சட்டைப் பையைக் கவிழ்த்தார். பூதக்கண்ணாடி விழுந்தது. நோட்டு விழுந்தது.

நோட்டை யாரோ எடுத்து மகேந்திரனிடம் கொடுத்தார்கள். அவர் பிரித்து உரக்கப் படித்தார். "தனலெட்சுமி அக்கா, இருபது காசு... கங்காணி வீட்டுத் தாத்தா, ஒரு டாலர்... அடப்பாவி, செத்தவங்க பேரால்ல எழுதி வெச்சிருக்கான்! கடைசிக்கு, சன்னாசி மச்சான், எட்வர்டு ஐம்பது காசு. இன்னைக்குத் தேதி போட்டிருக்கு." கூட்டத்தில் ஒரு பெண் ஐயோ என்று வாயில் அடித்துக்கொண்டாள். அவள்தான் தனலெட்சுமியின் மகள்.

"நான் பார்த்ததைத்தான் எழுதினேன். எடுத்ததில்ல. தேவா, நீ சொல்லு. ஒரு தடவையாவது ஒங்கிட்ட வாங்கியிருக்கேனா?"

தேவன் எல்லாரையும் ஒரு சுற்று பார்த்தார். அடுத்த சாவுக்கும் இந்தக் கூட்டம்தான் கூப்பிட வேண்டும், இந்த மகேந்திரன்தான் கூலியைப் பேச வேண்டும். "அண்ணன் எங்கிட்ட வாங்கிப் பார்ப்பாரு. அது உண்மை" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார். திருப்பித் தந்துவிடுவார் என்கிற மீதி வார்த்தையைச் சொல்ல அந்த ஆளுக்கு நாக்கு எழவில்லை.

அப்போதுதான் நல்லசாமி புனிதனைப் பார்த்தார். மொட்டையடித்து, ஈர வேட்டியோடு, கொள்ளிச்சட்டி தூக்கத் தயாராக நின்றான். எல்லாரும் மாமனைப் பார்க்கும்போது அவன் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இடுப்பு முடிச்சை ஒரு கை விடாமல் பிடித்திருந்தது. காசை எடுத்தவன் அவன், திரும்ப ஒட்டினவன் அவன். நல்லசாமிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சொல்ல வாயெடுத்தார். அப்பனுக்குக் கொள்ளி வைக்கப் போகிற பிள்ளையை, அந்தப் பொழுதில், அத்தனை பேர் நடுவில், இவன்தான் திருடன் என்று தாய்மாமன் வாயால் எப்படிச் சொல்வது? தங்கச்சி ஒருத்தி நம்பினால் போதும் என்று நினைத்துச் செல்லத்தின் பக்கம் திரும்பினார். அவள் சொல்லிவிடுவாள், என் அண்ணன் எடுக்கமாட்டார் என்று ஒரு வார்த்தை, அதற்குமேல் யார் பேசுவார்கள்?

செல்லம் அவரைப் பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"அண்ணே, நீ வீட்டுக்குப் போ."

சுடுகாட்டுக்குக்கூட அவர் போகவில்லை. போகவிடவில்லை.

அன்று சாயந்திரத்துக்குள் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் நோட்டுப் பக்கத்தின் படம் வந்துவிட்டது. பக்கத்து ஊர் சி ரூசாவில் இருக்கிறவனிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவன்வரை பார்த்தான். செத்தவன் நெத்திக்காசையும் விடமாட்டான் என்று வாய்ப்பேச்சுக்குத் திட்டுவார்களே, அதை இந்த மனுசனுக்கு நிசமாகவே பட்டமாகக் கட்டிவிட்டார்கள். நெத்திக்காசு நல்லசாமி. கோயில் கமிட்டியில் அவர்தான் தண்ணீர்ப் பந்தல் பார்ப்பவர், இந்த வருசம் வேறு ஆள் போட்டாயிற்று என்று போன் வந்தது.

புஷ்பவள்ளி கத்தித் தீர்த்தாள். "எடுத்தவன் யாருன்னு தெரியும்ல? சொல்லித் தொலைங்களேன்! யாருக்காக இந்த நல்லவன் வேசம்?"

"செல்லத்துக்குத் தெரியாது புஷ்பம். தெரிஞ்சா ஒடஞ்சு போயிடுவா. அவளுக்கு இனிமே அவன்தானே."

"அவ ஒங்களத் திருடன்னு நெனைக்கிறா. அது ஒங்களுக்குப் பரவாயில்லையா?"

பரவாயில்லையா? இரவெல்லாம் புரண்டு புரண்டு படுத்தார், அதுதான் பதில். ஊர் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பதினாறாம் நாள் கருமாதியில், தாலி இறக்கின பிறகு, விதவைக்குப் பிறந்த வீட்டுக் கோடி போட வேண்டும். அண்ணனோ தம்பியோதான் புதுச் சேலையைத் தங்கச்சியின் தோளில் போர்த்த வேண்டும். அந்தச் சேலை விழுந்தால்தான் உனக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது என்று அர்த்தம். செல்லத்துக்கு அவரைவிட்டால் பிறந்த வீடு என்று யாரும் கிடையாது. அதற்குள் அவள் மனசு மாறிவிடும், வா அண்ணே என்று கூப்பிடுவாள் என்று நம்பினார். சிரம்பானுக்குப் போய், அரக்கு நிறத்தில் நல்ல நூல் சேலையாகத் தேடி வாங்கி, மஞ்சள் தடவி அலமாரியில் வைத்தார்.

பன்னிரண்டாம் நாள் வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. புனிதன்.

நல்லசாமி வாசலுக்கு ஓடினார். கூப்பிடத்தான் வந்திருக்கிறான். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறான். உள்ளே கூட்டிவந்து உட்கார வைத்து, "தேத்தண்ணி கலக்கு புஷ்பம்" என்றார். புஷ்பவள்ளி குசினி அடுப்புப் பக்கம் அசையவே இல்லை, கையைக் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றாள்.

புனிதன் கால்சட்டைப் பையிலிருந்து ஒரு டிஷ்யூவை எடுத்து மேசைமேல் வைத்துப் பிரித்தான். எட்வர்டு ராஜா.

"மாமா, இது எவ்வளவு போகும்?"

இதைச் சொல்லவே எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நடந்தது இதுதான். நல்லசாமி அந்தக் காசைக் கையில் எடுத்தார். வெளிச்சத்தில் சாய்த்தார். முப்பது வருசமாகத் தூரத்தில் நின்று பார்த்த காசு. கிரீடத்தின் ஒரு மணிகூடத் தேயவில்லை, ஓரத்து வரிகள் முழுசாக இருந்தன. எவ்வளவு அழகு என்று அவர் மனசு சொன்னது. தன்னை நாசமாக்கின சாமானைப் பார்த்து இப்படித் தோன்றுகிறதே என்று அவருக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

"முன்னூறு வெள்ளி. நல்ல ஆளு கெடைச்சா முன்னூத்தம்பது" என்றார்.

"அவ்ளோதானா? போன்ல பார்த்தேன் மாமா, அம்பதாயிரம்னு போட்டிருந்தான்."

"போன்ல போடுவான். இது நெறைய அடிச்ச காசு."

"அலாமாக்" என்று தலையில் கை வைத்தான் புனிதன். அவன் முகத்தில் தெரிந்ததெல்லாம் ஏமாற்றம்தான். வெட்கம் ஒரு துளி கிடையாது. "வீணா இவ்ளோ பிரச்சினை."

"ஏன்டா எங்கிட்ட வந்தே? சிரம்பான்ல கடை இருக்குல்ல?"

"கடைக்காரன் ஏமாத்திடுவான் மாமா. அம்மாதான் சொன்னாங்க, மாமாகிட்டக் கொண்டு போ, அவரு ஒருத்தருதான் ஏமாத்தமாட்டாருன்னு."

நல்லசாமி நிமிர்ந்தார். "செல்லமா? அவளுக்குத் தெரியுமா?"

"அன்னைக்கே தெரியும் மாமா. நான் மாத்துனத குசினி ஜன்னல்லேர்ந்து பார்த்துட்டாங்க. ஒண்ணும் சொல்லல. நீங்க பெரிய மனுசன், தாங்கிக்குவீங்கன்னு சொன்னாங்க."

நல்லசாமி காசை மேசைமேல் வைத்தார். அப்புறம் அதைத் தொடவில்லை. ஏதோ கடையில் விலை கேட்கிறவர் மாதிரி கேட்டார். "பதினாறுக்கு நான் எத்தனை மணிக்கு வரணும்?"

புனிதன் ஹெல்மெட்டைக் கையில் திருப்பினான். "வர வேணாம்னு சொல்லச் சொன்னாங்க மாமா. பெரியப்பா ஆளுங்கல்லாம் இருப்பாங்க, சனங்க பேசும், சங்கடம்லா. கோடிச் சேலைய மட்டும் எங்கிட்டக் குடுத்துவிடச் சொன்னாங்க. பொறந்த வீட்டுச் சேலை இல்லாம இருக்கக் கூடாதாம். யாராச்சும் போட்டுவிடுவாங்க."

"வெளிய போடா நாயே!" புஷ்பவள்ளி கதவோரத்திலிருந்து பாய்ந்தாள். "சேலை வேணும், ஆளு வேணாமா? ஒங்கம்மாகிட்டப் போய்ச் சொல்லு, அவளுக்குப் பொறந்த வீடு செத்துப் போச்சுன்னு!"

"சும்மா இரு புஷ்பம்" என்றார் நல்லசாமி. எழுந்து உள்ளே போனார். அலமாரியைத் திறந்து, அரக்குச் சேலையை எடுத்து, மடிப்பு கலையாமல் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவந்தார். காசையும் அவரே டிஷ்யூவில் சுருட்டிப் பையனின் கையில் வைத்தார். வாசல்வரை போனார். புனிதன் மோட்டாரில் ஏறி, சேலைப் பையை முன்னால் மாட்டிக்கொண்டான்.

"அம்மாகிட்ட என்னா மாமா சொல்லட்டும்?"

"வெலை சரியாத்தான் சொன்னேன்னு சொல்லு" என்றார் நல்லசாமி.